லேசர் முடி நீக்கம் உங்களுக்கு ஒத்துவருமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

தாடையில் நாலு கறுத்த முடி முளைத்துவிட்டால் போதும், கை தானாக அங்கேயே போய்த் தடவிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரா, ஜன்னல் வெளிச்சத்தில் தெரிகிறதா என்று மனம் அதிலேயே நிற்கும். அந்த நிலையில் இருப்பவரிடம் 'இன்னைக்கே பேக்கேஜ் போட்டா பாதி விலை' என்று சொன்னால் உடனே பணம் கட்டத்தான் தோன்றும். கட்டுவதற்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லேசர் நல்ல சிகிச்சைதான். பொருத்தமான ஆளுக்கு, பொருத்தமான கருவியில், விவரம் தெரிந்தவர் செய்தால் பல வருட அவஸ்தை குறையும். ஆனால் நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கவனமில்லாமல் செய்தால் சூட்டுத் தழும்பு வரலாம், திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகலாம், சிலருக்கு முன்பைவிட அதிகமாக முடி வளரவும் செய்யலாம். ஆகவே பொருந்துமா என்ற கேள்விதான் முதலில் வரவேண்டும், விலை அப்புறம்.

லேசர் என்ன செய்கிறது

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். லேசர் ஒளி அந்த மெலனினில் பட்டதும் வெப்பமாகிறது. அந்த வெப்பம் முடித்தண்டு வழியாக உள்ளே பரவி, மறுபடி முடியை முளைக்கவைக்கும் செல்களைச் சேதப்படுத்துகிறது. சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறிவைத்த இடத்தை மட்டும் சுட முடியும் என்ற அடிப்படையை 1983-இல் அமெரிக்காவில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். 1990-களின் நடுவில் முடிக்கான கருவிகள் புழக்கத்துக்கு வந்தன.

'நிரந்தரம்' என்ற சொல்லை விளம்பரங்களில் நிறையப் பார்க்கலாம். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது. அதாவது, ஒரு சுற்றுச் சிகிச்சை முடிந்தபின் திரும்ப முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்தே இருக்கும். எல்லா முடியும் ஒழிந்துபோகும் என்று அதற்குப் பொருள் இல்லை. மிஞ்சி வருவது மெல்லியதாக, நிறம் குறைந்து, மெதுவாக வளரும். இது போதும் என்றால் மேலே படியுங்கள். இனி ஒரு முடிகூட வரக்கூடாது என்பதுதான் உங்கள் எதிர்பார்ப்பு என்றால் லேசர் ஏமாற்றம் தரும்.

ஒரே சிட்டிங்கில் முடியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்வில் இருக்கும். வளரும் கட்டத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் சரியாகத் தாக்கும். மற்றவை விழித்துக்கொள்ளும்வரை காத்திருந்து மறுபடி அடிக்க வேண்டும்.

முதலில் முடியைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் கண்ணாடியோடு நின்று பாருங்கள். கறுத்து, தடித்து, தொட்டால் குத்துகிற முடி என்றால் லேசர் அதைப் பிடிக்கும். அக்குள், கால், தொடை இடுக்கு, தாடையின் முரட்டு முடி ஆகியவற்றில் பலன் நன்றாகத் தெரியும்.

நரைத்த முடியை லேசர் ஒன்றும் செய்யாது. அதில் மெலனின் இல்லை. மாதவிடாய் நின்றபின் அம்மாவுக்கோ அத்தைக்கோ தாடையில் வெள்ளை முடி முளைத்தால் லேசருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இன்னொரு பக்கம், வயது ஏறி நரை தொடங்கும் முன் செய்துகொண்டால்தான் பலன் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கன்னத்திலும் நெற்றியோரத்திலும் இருக்கும் மெல்லிய பூனைமுடிக்கு லேசர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பலன் குறைவு. அதைவிட முக்கியம், லேசர் பட்டபின் பூனைமுடி முரட்டு முடியாக மாறுவது சிலருக்கு நடக்கிறது. முகத்திலும் கழுத்திலும், கருநிறத் தோல் உள்ள பெண்களிடம், குறிப்பாக ஹார்மோன் கோளாறு இருப்பவர்களிடம் இது அதிகம். 'ஃபுல் ஃபேஸ் லேசர்' என்று மொத்த முகத்துக்கும் பேக்கேஜ் விற்கிறார்களே, அதில் இருக்கும் ஆபத்து இதுதான். முரட்டு முடி இருக்கிற தாடைக்கும் மேலுதட்டுக்கும் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

முடி ஏன் வந்தது என்று கேட்டீர்களா?

அக்குள், கால் முடிக்காக மட்டும் யோசிப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தாடை, மேலுதடு, மார்பு நடுவில், தொப்புளுக்குக் கீழே என்று ஆண்களுக்கு வளரும் இடங்களில் முடி வளரும் பெண்கள் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

இப்படி வளர்வதற்கு மிகப் பொதுவான காரணம் பிசிஓடி என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு. மாதவிடாய் நாற்பது ஐம்பது நாள் தள்ளிப்போவது, தாடையோரம் அடங்காத பரு, உச்சந்தலையில் முடி குறைவது, எடை ஏறுவது, கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடிப்பது எல்லாம் இதனோடு சேர்ந்து வரும். அந்தக் கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சை போட்டுத் தேய்ப்பவர்கள் பலர். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. உள்ளே ஹார்மோன் முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும்போது வெளியே லேசர் அடித்தால், குறைந்த முடி திரும்பத் திரும்ப வரும். பணமும் போய், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற வருத்தமும் மிஞ்சும்.

ஆகவே முகத்து முடிக்கு லேசர் என்றால், அதற்கு முன் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ தோல் மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும் எழுதித் தரலாம். எல்லாருக்கும் எல்லாம் தேவைப்படாது. சிகிச்சை தேவை என்றால் கருத்தடை மாத்திரை வகை, மெட்ஃபார்மின், ஸ்பைரோனோலாக்டோன் என்று ஆளுக்கேற்ப மருத்துவர் முடிவு செய்வார். ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இந்த மாத்திரைகள் முடியில் மாற்றம் காட்ட ஆறு மாதமாவது ஆகும். மாத்திரையும் லேசரும் சேர்ந்து நடக்கும்போதுதான் பலன் நிற்கிறது. எஃப்ளோர்னித்தின் என்ற கிரீமும் உண்டு. முடியை உதிர்க்காது, வளரும் வேகத்தைக் குறைக்கும். முகத்தில் லேசரோடு சேர்த்து இதைப் பரிந்துரைப்பார்கள்.

ஒரு சில மாதங்களுக்குள் திடீரென்று முடி மளமளவென்று வளர்ந்து, குரல் கட்டைக் குரலாகி, மாதவிடாயும் நின்றால் லேசர் பேச்சையே தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறிகள் அவை. அபூர்வம்தான், ஆனால் தவறவிடக்கூடாதது.

இன்னொரு காரணம் நம் ஊரில் சர்வசாதாரணம். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, 'வெள்ளையாகும்' என்று மாதக்கணக்கில் முகத்தில் தடவும் கிரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று டியூபின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். தோலை மெலிதாக்கி, ரத்தநாளங்கள் தெரியும்படி சிவக்கவைத்து, முகத்தில் முடியையும் வளர்ப்பவை இவை. இப்போதே எழுந்துபோய் உங்கள் டியூபைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும் என்பதால்தான் மருத்துவரிடம் அனுப்புகிறேன். அந்தத் தோல் தேறாமல் லேசர் அடிப்பது சரியில்லை. தலைமுடிக்கு மினாக்ஸிடில் பயன்படுத்துபவர்களுக்கும் முகத்தில் முடி வரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் தோலும் அவர்கள் கருவியும்

மெலனின் முடியில் மட்டும் இருந்தால் சிக்கலே இல்லை, தோலிலும் இருக்கிறது. வெயிலில் கறுப்புச் சட்டை சீக்கிரம் சூடேறுவது மாதிரி, கறுத்த தோல் ஒளியை அதிகமாக வாங்கிக்கொள்கிறது. முடிவேருக்குப் போக வேண்டிய வெப்பம் மேல்தோலிலேயே தங்கினால் கொப்புளம்தான்.

தோல் மருத்துவர்கள் 1 முதல் 6 வரை எண் கொடுத்துத் தோலை வகைப்படுத்துவார்கள். 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய முறை அது. வெயிலில் நின்றால் எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து எண் அமையும். நம்மில் பெரும்பாலோர் 4 அல்லது 5, சிலர் 6. உங்களைப் பார்ப்பவர் இந்த எண்ணைச் சொல்லாமலே சிகிச்சைக்கு நாள் குறித்தால், அந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

கருவியில் முக்கியம் அலைநீளம். 755 நானோமீட்டரில் இயங்குவது அலெக்சாண்டிரைட். வெளுத்த தோலுக்கு அருமையானது, நமக்கு ஆபத்து கூடுதல். 800, 810 அளவில் இயங்கும் டயோடு இங்கே பரவலாக இருக்கிறது. துடிப்பு நேரத்தை, அதாவது ஒவ்வொரு தடவையும் ஒளி படும் நேரத்தை நீட்டி, தோலில் படும் முனையை நன்றாகக் குளிரவைத்துச் செய்தால் 4, 5 வகைத் தோலுக்கு நன்றாகவே வேலை செய்யும். 1064-இல் இயங்குவது என்டி-யாக். தோலின் மெலனின் இந்த ஒளியைக் குறைவாகவே வாங்கும், ஒளியும் ஆழமாக இறங்கும். அதனால் நல்ல கறுப்பு நிறத் தோலுக்குப் பாதுகாப்பானது இதுதான். வலி சற்று அதிகம், மெல்லிய முடியில் பலன் சற்றுக் குறைவு. மூன்று அலைநீளமும் ஒரே முனையில் என்று விளம்பரம் செய்யும் கருவிகளும் வந்திருக்கின்றன. அப்படிச் சொன்னால், என் தோலுக்கு எதை எந்த அளவில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் செய்துகொள்ளலாம்.

ஐபிஎல் என்று ஒன்று சொல்வார்கள். அது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சிடும் ஒளி. கறுத்த தோலில் சூட்டுக்காயத்துக்கு இடம் அதிகம். சில பார்லர்களில் இதையே லேசர் என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தும் கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவையும் ஐபிஎல்தான். பெட்டியின்மேல் தோல்நிற அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். கடைசி ஒன்றிரண்டு கட்டங்களில் பெருக்கல் குறி இருக்கும். உங்கள் முன்னங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் நிறம் அந்தக் கட்டத்தில் விழுந்தால் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள்

கர்ப்பமாக இருப்பவர்கள் குழந்தை பிறக்கும்வரை தள்ளிப்போடுங்கள். கர்ப்ப காலத்தில் கூடுதலாக வந்த முடி பிரசவத்துக்குப்பின் தானாகவே குறைவதும் உண்டு. வெண்புள்ளி இருப்பவர்கள், காயம் பட்டால் மேடாகத் தழும்பு விழும் உடம்புக்காரர்கள், வெயில் பட்டால் மோசமாகும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வரும் என்றால் அதையும் சொல்லுங்கள், முன்னதாக மாத்திரை தருவார்கள். டாக்சிசைக்ளின், பருவுக்கான ஐசோடிரெட்டினோயின் போன்ற மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள்.

பச்சை குத்திய இடத்தில் லேசர் படவே கூடாது. மை முழு ஒளியையும் வாங்கிச் சுட்டுவிடும். பாட்டி காலத்துக் கைப்பச்சையும் இன்றைய டாட்டூவும் இதில் ஒன்றுதான். மச்சங்களை வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துக்கொள்ள வேண்டும். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் யார் செய்கிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள், கண்பார்வை சம்பந்தப்பட்டது.

பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வயதில் உடம்பே மாறிக்கொண்டிருக்கிறது, இன்று எடுத்தாலும் நாளைக்கு வேறு முடி முளைக்கும். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அவள் அழுதால் மருத்துவரிடம் காட்டுங்கள், தற்காலிகமாக டிரிம் செய்யக் கற்றுக்கொடுங்கள். அவள் எதுவுமே சொல்லாதபோது நீங்களாக அவள் முகத்தில் குறை கண்டுபிடிக்காதீர்கள்.

எங்கே செய்வது, யாரிடம் செய்வது

எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. போன்ற பட்டம் பெற்ற தோல் மருத்துவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். சில வாரப் பயிற்சி முடித்தவர்களும் அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்கலாம், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கருவியைப் பிடிப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற பணியாளர்தான். அதில் தவறில்லை. ஆனால் அளவை முடிவு செய்வது யார், நான் வரும் நேரத்தில் மருத்துவர் கட்டடத்தில் இருப்பாரா, காயம் பட்டால் யார் பார்ப்பார், அதற்குத் தனியாகப் பணம் வாங்குவீர்களா என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்கிலும் எந்தக் கருவி, ஒளியின் சக்தி எத்தனை ஜூல், துடிப்பு நேரம் எவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊர் மாறினாலோ வேறு மருத்துவரிடம் போனாலோ அந்த அட்டை உங்களைக் காப்பாற்றும்.

பணமும் காலமும்

சிட்டிங் விலை ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். அதனால் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். அக்குள், கால் போன்ற இடங்களுக்கு 6 முதல் 8 சிட்டிங் என்று வையுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒன்று. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று, எண்ணிக்கை இன்னும் கூடும். பிசிஓடி இருந்தால் அதற்குப்பிறகும் வருடத்தில் சில தடவை போக வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு ஒரு சிட்டிங் 2,000 ரூபாய் என்றால், எட்டுக்கு 16,000. வருடத்துக்கு இரண்டு பராமரிப்பு என்றால் இன்னொரு 4,000. ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். இந்த மொத்தத் தொகைக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி. முதல் மாதத் தவணை எவ்வளவு குறைவு என்பதில் மயங்கிவிடாதீர்கள்.

முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாமல் ஒவ்வொன்றாகக் கட்டும் வசதி இருந்தால், கொஞ்சம் கூடுதலானாலும் அதுதான் நல்லது. பேக்கேஜ் என்றால் எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், நடுவில் கர்ப்பமானாலோ ஒத்துக்கொள்ளாமல் போனாலோ பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் லேசர் கருவி உண்டு. பக்கத்தில் இருந்தால் புறநோயாளிப் பிரிவில் விசாரியுங்கள்.

கல்யாணத்துக்காகச் செய்பவர்கள் முகூர்த்தத்துக்கு எட்டு மாதம், முடிந்தால் ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் லேசரைத் தொடாதீர்கள். அப்போது தோல் கறுத்தால் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. தினமும் டூவீலரில் வெயிலில் போகிறவர்கள், வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் கத்திரி வெயில் முடிந்தபின் தொடங்குவது பாதுகாப்பு.

திருநங்கையர் தாடிக்காகச் செய்யும்போது இன்னும் நீண்ட கணக்கு வேண்டும். ஹார்மோன் மாத்திரைகள் உடம்பு முடியை மெலியவைத்தாலும், ஏற்கெனவே வளர்ந்த தாடியை எடுத்துவிடாது. தாடிமுடி அடர்த்தியும் ஆழமும் அதிகம் என்பதால் சிட்டிங்குகள் கூடும், முதல் சில தடவை வலியும் கூடும். ஆனால் கறுத்த முரட்டு முடி என்பதால் லேசர் நன்றாகவே பிடிக்கும். உங்களை மரியாதையாகப் பெயர் சொல்லி அழைக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை.

டெஸ்டும் முதல் சிட்டிங்கும்

முதல் நாளே முழுவதும் செய்யாதீர்கள். காதுக்குக் கீழே, தாடையோரம் என்று வெளியே தெரியாத இடத்தில் சின்னதாக ஒரு டெஸ்ட் அடிக்கச் சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரம் பார்க்க வேண்டும். நம் தோலில் கருமை மெதுவாகத்தான் வெளிப்படும் என்பதால் ஒரு வாரம் பத்து நாள் விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சிட்டிங்குக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வாக்சிங், பிடுங்குவது எல்லாம் நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்குக் குறிவைக்க ஒன்றும் இருக்காது. பிளீச்சும் வேண்டாம். இடையில் தொந்தரவாக இருந்தால் ஷேவ் செய்யலாம், டிரிம் செய்யலாம். பெண் முகத்தில் பிளேடு பட்டால் மீசை முளைத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் நடக்காது. இயற்கையாக வளரும் முடியின் நுனி கூர்மையாக இருக்கும், வெட்டியபின் மொட்டையாக இருப்பதால் தடவினால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சிட்டிங்குக்கு முந்தின நாள் ஷேவ் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

போகும்போது முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. மஞ்சள், பவுடர், குங்குமம், சாந்து, மேக்கப் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள், நிறமுள்ள எதுவும் ஒளியை வாங்கும்.

மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இப்படிச் செய்த இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்தபின், 2007-இல் எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கையே விட்டது. மருந்து தோல் வழியாக ரத்தத்தில் அதிகமாக ஏறிவிடுகிறது. சின்ன இடத்துக்கு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்தலாம்.

உள்ளே போனதும் உங்களுக்கும் கண்கவசம், கருவி பிடிப்பவருக்கும் கண்கவசம். இல்லாமல் தொடங்கவிடாதீர்கள். ஜில்லென்ற ஜெல் பூசுவார்கள். முனை தோலில் பதியும்போது முதலில் குளிர், அடுத்த நொடி ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு சுளீர், கூடவே முடி கருகும் வாசனை. மேலுதட்டில் கண்ணில் நீர் வரும், அக்குளிலும் வலிக்கும், காலில் தாங்கலாம். இரண்டு மூன்று அடி அடித்தபின் அனுபவமுள்ளவர் நிறுத்தி, அந்த இடத்தை விளக்கில் குனிந்து பார்ப்பார். ஒவ்வொரு முடிக்குழியைச் சுற்றியும் புல்லரித்த மாதிரிச் சின்னச் சின்னப் புடைப்பு தெரிய வேண்டும். வெளுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியும், நம் தோலில் சிவப்பு தெரியாமல் புடைப்பு மட்டும் தெரியலாம். வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தோல் சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ போனால், முனையின் வடிவத்திலேயே கட்டமாக அச்சு விழுந்தால், அளவு கூடிவிட்டது. 'எரிகிறது, நிறுத்துங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது இங்கே உங்களுக்குக் கெடுதல் செய்யும், அந்த வலிதான் எச்சரிக்கை.

வீட்டுக்கு வந்தபின்

சில மணி நேரம் முதல் ஓரிரண்டு நாள்வரை லேசான எரிச்சலும் வீக்கமும் இருக்கும். குளிர்ந்த துணி ஒற்றலாம், கற்றாழை ஜெல்லோ சாதாரண மாய்ஸ்சரைசரோ பூசலாம். இரண்டு நாளைக்கு வெந்நீர்க் குளியல், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, ஸ்கிரப் வேண்டாம். வெயில்தான் பெரிய எதிரி. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், மதியம் மறுபடி ஒரு தடவை, குடையோ துப்பட்டாவோ கூடவே.

ஒரு வாரத்தில் முடி வளர்வது போலத் தெரியும். பயந்துவிடாதீர்கள், கருகிய முடி வெளியே தள்ளப்படுகிறது. மூன்று வாரத்துக்குள் தானாக உதிர்ந்துவிடும், பிடுங்காதீர்கள்.

கொப்புளமோ பொருக்கோ வந்தால் உடைக்காமல், உரிக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அப்புறம் வரும் கருமை பெரும்பாலும் மாதக்கணக்கில் மங்கும். அதை அவசரமாகப் போக்க மேலே சொன்ன ஸ்டீராய்டு டியூபைத் தடவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன் அதே ஜன்னல், அதே நேரம், அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். மூன்று சிட்டிங் முடிந்ததும் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடி குறைந்தோ மெலிந்தோ இருந்தால் தொடருங்கள். மாற்றமே இல்லை என்றால் அளவு மிகக் குறைவாக வைத்திருக்கலாம், அல்லது உள்ளே ஹார்மோன் அடங்கவில்லை. மருத்துவரோடு உட்கார்ந்து பேசாமல் நான்காவதற்குப் போகாதீர்கள். லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முன்பு இல்லாத கறுத்த முடி புதிதாக முளைத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் படங்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேசர் ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. நரைத்த முடிக்கும் தாடையில் எண்ணிவிடக்கூடிய சில முடிகளுக்கும் எலக்ட்ரோலிசிஸ் பொருந்தும். ஒவ்வொரு வேரிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரத்தால் அழிப்பார்கள். நிரந்தர நீக்கம் என்று எஃப்.டி.ஏ. ஒப்புக்கொள்வது இந்த முறையைத்தான். மெதுவாக நடக்கும், நம் தோலில் சின்னக் கரும்புள்ளிகள் விழ வாய்ப்பு உண்டு, தெரிந்தவர்கள் குறைவு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் மனம் இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை முகத்துக்கான சின்ன ரேசரோ டிரிம்மரோ போதும்.